முன் சீட்டில் மனைவி இருந்தால் குடும்பப் பயணம்

என் வீட்டுக்காரரின் சட்ட அறிவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் மற்றதெல்லாம் விளங்கும். காரின் முன் சீட்டில் மனைவி உட்கார்ந்திருந்தால் அது குடும்பப் பயணம். பின்னால் நாற்பது லிட்டர் தண்ணீரும், மூன்று வாளியும், உறிஞ்சு குழாயும், மனைவியின் மடியில் ஒரு பை நிறைய மீனும் இருந்தாலும் சரி, குடும்பப் பயணம்தான். இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டால், "இதுக்கெல்லாமா படிக்கணும்? பொது அறிவு" என்பார்.

மீன் தொட்டி பராமரிப்பது அவர் தொழில். கிளினிக், வங்கி, ஓட்டல் வரவேற்பறை என்று ஊருக்குள் இருபத்து மூன்று தொட்டிகள் அவர் கையில். வாரம் ஒருமுறை போவார். கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்டுவார், மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவார், செத்த மீன் இருந்தால் யார் கண்ணிலும் படாமல் எடுத்து அதே ஜாடையில் ஒன்றை விட்டுவிட்டு வருவார். ஊரில் அவருக்குத் தொட்டிக்காரர் என்றே பெயர். அந்தப் பெயரில் கொள்ளைப் பெருமை அவருக்கு. ஆனால் காட்டிக்கொள்ள மாட்டார்.

ஏழு வருடம் ஸ்கூட்டரில் வாளியைக் கட்டிக்கொண்டு போனார். இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்ததும் ஒரு பழைய கார் வாங்கினோம். அது நாலு வருடத்துக்கு முன்பு. இன்சூரன்ஸ் படிவத்தோடு வந்தவன் என் தம்பி, அவன் ஏஜென்ட். படிவத்தில் பேர், விலாசம் எல்லாம் மளமளவென்று எழுதிய மனிதர், ஒரு கேள்வியில் போய் நின்றுவிட்டார். வண்டி சொந்த உபயோகத்துக்கா, தொழிலுக்கா?

"தொழிலுக்குன்னு போடுங்க அத்தான்" என்றான் தம்பி. "கொஞ்சம் கூட ஆகும். ஆனா நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா மறுபேச்சு இல்லாம பணம் வரும்."

"எவ்வளவு கூட?"

தம்பி சொன்னான். இவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

"மச்சான், இது ஞாயித்துக்கிழமை உங்கக்காவ சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போற வண்டி." கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சினிமாவுக்குப் போனது மூன்று முறை, மூன்றிலும் இவர் தூங்கினார். "அப்புறம், மீன் என்ன சரக்கா? அது உயிரு. அதுங்ககிட்ட நான் டிக்கெட்டா கிழிச்சுக் குடுக்கிறேன்?"

"மீன் டிக்கெட் வாங்கல அத்தான். ஆனா அதைக் கொண்டுபோய் விட நீங்க காசு வாங்குறீங்கல்ல?"

"உனக்குக் கமிஷன் கூட வரும். அதைச் சொல்லு."

தம்பி பேனாவை இவர் பக்கம் நகர்த்திவிட்டான். மச்சானுக்கு லாபம் வருகிற எந்தக் காரியமும் தனக்கு நஷ்டம் என்பது இவருடைய இன்னொரு பொது அறிவு. சொந்த உபயோகம் என்ற கட்டத்தில் இவர் போட்ட டிக், பக்கத்துக் கட்டம் வரைக்கும் நீண்டு நின்றது.

ஆனாலும் உள்ளுக்குள் ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து, "நாளைக்கு என்கூட வண்டில வர்றியா?" என்று கேட்டார். எங்கேயாவது வா என்று இந்த மனிதர் தானாகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் பூரித்துப்போய், இருப்பதிலேயே நல்ல துணியை எடுத்து உடுத்திக்கொண்டு கிளம்பினேன். பாதி வழியில்தான் முன் சீட்டுச் சட்டத்தை எனக்கு விளக்கினார். "இப்ப எவன் நிறுத்திக் கேட்டாலும் நாம குடும்பமாப் போறோம்." அங்கேயே இறங்கிவிடலாமா என்று இருந்தது. நெரிசலான சாலை என்பதால் பிழைத்தார்.

முதல் மாதம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஒரு மனுஷி எத்தனை நேரம்தான் வங்கி வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்? போரடித்துப்போய் ஒரு நாள் வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனேன். பிறகு ஒவ்வொன்றாக என் கைக்கு வந்தது. பையைத் தொட்டித் தண்ணீரில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு, உள்ளேயும் வெளியேயும் ஒரே சூடு வந்த பிறகுதான் மீனை விட வேண்டும். அவருக்கு அந்தக் கால் மணி பொறுக்காது, எனக்குப் பொறுக்கும். வண்டியில் பையைச் சீட்டில் வைத்தால் உருளும், மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தால் உருளாது. தொட்டி கலங்கிவிட்டது, மீன் மல்லாந்துவிட்டது என்று வருகிற போனையெல்லாம் நானே எடுக்க ஆரம்பித்தேன், ஏனென்றால் அவர் எடுத்தால் வாடிக்கையாளரையே திட்டுவார். குழந்தைகளுக்கான பல் கிளினிக் ஒன்று உண்டு. அங்கே வாயைத் திறக்க மாட்டேன் என்று அழுகிற பிள்ளைகள்கூட என்னைப் பார்த்ததும் "மீன் ஆன்ட்டி" என்று ஓடிவரும்.

அந்தக் கிளினிக்குக்குப் போகும்போதுதான் அது நடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி. என் மடியில் ஆறு ஏஞ்சல் மீன்கள். ஒரு வளைவில், "பை சாயுது பாரு" என்று இவர் பையைப் பார்த்தார். பை சாயவில்லை. வண்டிதான் சாலையை விட்டு இறங்கி, யார் வம்புக்கும் போகாமல் நின்றுகொண்டிருந்த ஒரு மதில் சுவரில் போய் முட்டியது.

பெரிய சத்தம். என் வலது மணிக்கட்டு டேஷ்போர்டில் மடங்கிக் கிடந்தது. பையை மட்டும் நான் விடவில்லை. இவர் என் பக்கம் திரும்பி, முதலில் கேட்ட கேள்வி இது:

"பை உடையலையே?"

உடையவில்லை. ஆறு மீனும் நன்றாக இருந்தன. அவற்றைத்தான் முதல் டாக்ஸியில் ஏற்றி அனுப்பினோம். என் மணிக்கட்டு இரண்டாவது டாக்ஸியில் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டது.

மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, பெருமூச்சு விட்டார். மெக்கானிக் பெருமூச்சு விட்டால் அதற்கென்று தனி விலை உண்டு. ரேடியேட்டர் போச்சு, முன்பக்கச் சட்டம் வளைந்துபோச்சு. அவர் சொன்ன தொகைக்குப் பாதிக் கார் வாங்கலாம். எங்கள் கையில் அவ்வளவு இல்லை. வண்டி இல்லையென்றால் இருபத்து மூன்று தொட்டியும் இல்லை. தண்ணீர் மாற்றாத தொட்டி மூன்று வாரத்தில் நாறும், நான்காவது வாரம் வாடிக்கையாளர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். இன்சூரன்ஸ் பணம் வந்தால் தொழில் நிலைக்கும், வராவிட்டால் படுத்துவிடும்.

தம்பி கோரிக்கைப் படிவத்தோடு வந்தான். என் கைக்கட்டைப் பார்த்து அவன் முகம் வாடியது. பிறகு பேனாவை எடுத்தான்.

"விபத்து நடந்தப்போ எதுக்காகப் போனீங்க? இதை எழுதணும்."

"உன் வீட்டுக்கு வந்துட்டிருந்தோம்" என்றார் இவர், கண்ணைக் கூடச் சிமிட்டாமல்.

"செவ்வாய்க்கிழமை காலைல ஒன்பது மணிக்கா? நாற்பது லிட்டர் தண்ணியோடவா?"

"உங்க வீட்டுல தண்ணிக் கஷ்டம்."

"அத்தான், நான்தான் உங்களுக்கு ஏஜென்ட். நாளைக்கு என்னைக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. பொய்னு தெரிஞ்சா என் லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க."

"உன்னை யாரு பொய் சொல்லச் சொன்னா? நீ வீட்டுல இரு, நாங்க வந்துட்டிருந்தோம். அவ்வளவுதானே?"

தம்பி என்னைப் பார்த்தான். நான் என் கைக்கட்டைப் பார்த்தேன். பெற்றவர்கள் போன பிறகு நான் வளர்த்த பிள்ளை அவன். அவன் பிழைப்பில் மண் விழக் கூடாது. இந்தப் பக்கம் எங்கள் பிழைப்பு.

அடிபட்ட வண்டியைப் பார்த்து, நடந்ததை விசாரித்துக் கம்பெனிக்கு எழுதுகிற ஆளுக்கு சர்வேயர் என்று பெயர். அவர் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இவர் முந்தின நாளே மெக்கானிக் ஷெட்டுக்குப் போய் வாளி, குழாய், வலை எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வந்தார். நாலு வருட வாடையை மட்டும் எடுக்க முடியவில்லை. பிறகு எனக்குப் பாடம் நடத்தினார். தம்பி வீட்டுக்குப் போனோம். தம்பிக்கு உடம்பு சரியில்லை. என்ன உடம்புக்கு? சளி. காய்ச்சல் உண்டா? "காய்ச்சல் வேண்டாம், அப்புறம் டாக்டர் சீட்டு கேப்பான்" என்று அவரே குறைத்துக்கொண்டார்.

சர்வேயர் வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். வண்டியை ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்திருந்தார். எங்கள் கூடத்தில் ஒன்பது தொட்டிகள். விற்பதற்கும் மாற்றுவதற்கும் வைத்திருப்பவை. கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். ஒன்பது பம்பும் கொப்பளித்துக்கொண்டிருந்தன.

"வண்டி சீட் பெல்ட்டுல ஒரு நத்தை இருந்துச்சு சார்" என்றார் மெதுவாக. "உயிரோட."

"தோட்டத்து நத்தை" என்றார் இவர்.

"சரி. அன்னைக்கு எங்க போயிட்டிருந்தீங்க?"

"மச்சான் வீட்டுக்கு. அவனுக்குச் சளி."

சர்வேயர் எழுதிக்கொண்டார். அடுத்த கேள்வி எனக்கு வரும் என்று தம்பியின் சளியை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மூலையில் இருந்த நாலடித் தொட்டியைப் பார்த்தார். அதில் இவர் ஐந்து வருடமாக வளர்த்த ஒரு டிஸ்கஸ் மீன் ஜோடி. தட்டுப் போலத் தட்டையாக, செம்மஞ்சள் நிறத்தில் இருக்கும்.

"இதெல்லாம் பொழுதுபோக்கா சார்?"

இவர் தொட்டிப் பக்கம் பார்க்காமல் பதில் சொன்னார். "ஆமா. பொழுதுபோக்குதான்."

"குடுத்து வச்சவங்க. எங்களுக்கெல்லாம் ஏது நேரம்? என் பையன்கூட ஒரு தொட்டி வாங்கினான். நாலே நாள், எல்லாம் செத்து மிதந்துச்சு. இத்தனைக்கும் தினம் முழுசாத் தண்ணி மாத்தினோம்."

"முழுசாவா?" என்றார் இவர்.

நான் இவர் காலை மிதித்தேன். சரியாகப் படவில்லை போலிருக்கிறது.

"ஆமா சார், பளிச்சுனு இருக்கட்டும்னு. என்ன பெரிய விஷயம், ஒரு பாத்திரத்துல தண்ணியப் புடிச்சு நாலு மீனை விடுறது. வேலை இல்லாதவங்களுக்கு நல்லாத்தான் பொழுது போகும்."

இவர் காது சிவந்ததை நான் பார்த்தேன். எதிர்வீட்டுக்காரர் திட்டியபோதும், வங்கி மேனேஜர் ஒரு மணி நேரம் காக்க வைத்தபோதும் சிவக்காத காது அது.

"சார், தண்ணி வெறும் தண்ணி இல்ல. அதுல கண்ணுக்குத் தெரியாத பூச்சி கோடி இருக்கு. அதுதான் மீன் போடுற கழிவைத் தின்னு தண்ணியச் சுத்தமா வச்சிருக்கு. நீங்க முழுசா மாத்துனீங்கன்னா அந்தப் பூச்சியெல்லாம் போச்சு, மீனும் போச்சு. உங்க பையன் மீனை நீங்கதான் கொன்னீங்க. குழாய்த் தண்ணிய ஒரு நாள் வாளில வச்சு ஆறப் போட்டீங்களா? சூடு பாத்தீங்களா? எதுவும் பண்ணியிருக்க மாட்டீங்க. வேலை இல்லாதவனா? பதினொரு வருஷமா இதுதான் சார் என் தொழில். இந்த ஊருல இருபத்து மூணு தொட்டி என் கையில இருக்கு. போன வருஷம் முழுக்கச் செத்தது ஒன்பதே ஒன்பது மீன். அன்னைக்குக்கூட பல் டாக்டர் கிளினிக்குக்கு ஆறு ஏஞ்சல் கொண்டுபோயிட்டுதான் இருந்தேன். வண்டி நசுங்குச்சே தவிர ஒரு மீனுக்கு ஒரு செதில் உதிரல!"

தான் என்ன சொன்னோம் என்பது இவருக்கு மெல்ல உறைத்தது. வாய் திறந்தபடியே நின்றார். மீன்களோடு பழகிய தோஷம்.

சர்வேயர் டீயைக் கீழே வைத்தார். பாவம், அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "சார், நான் இதை எழுதித்தான் ஆகணும். சொந்த உபயோகம்னு பாலிசி எடுத்துட்டுத் தொழிலுக்கு ஓட்டினா வண்டிக்குப் பணம் வராது."

இவர் டிஸ்கஸ் தொட்டியை ஒருமுறை பார்த்தார். "எழுதுங்க" என்றார். "தொழில்னு தெளிவா எழுதுங்க."

எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது, இந்த மனிதரைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. காசுக்காக நாலு வருடம் தனக்குத் தொழிலே இல்லை என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தவர்தான். அதையே இன்னொருவர் வாயால் கேட்டபோது தாங்க முடியவில்லை. அன்று அவரைத் திட்ட நான் வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போனது. தம்பியைப் போனில் கூப்பிட்டு, இனிமேல் உனக்குச் சளி இல்லை என்று சொன்னேன்.

கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று கடிதம் வந்தது. நாலடித் தொட்டியையும் டிஸ்கஸ் ஜோடியையும் ஓட்டல்காரர் ஒருவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொண்டார். அந்தப் பணமும் கையில் இருந்ததும் சேர்ந்துதான் மெக்கானிக்குக்குப் போனது. தொட்டி இருந்த சுவரில் ஒரு நீளமான ஈரக் கறை மட்டும் மிச்சம். இவர் அந்தப் பக்கம் பார்த்து உட்காருவதில்லை. வண்டி தயாராக மூன்று வாரம் ஆனது. அதுவரை பஸ்ஸில் போனோம். இரண்டு வாளி அவர் கையில், மீன் பை என் இடது கையில். நின்றுகொண்டே வந்த ஒரு பெரியவர் பையைப் பார்த்து, குழம்பா வறுவலா என்று கேட்டதையும் பொறுத்துக்கொண்டோம். ஒரு தொட்டிகூடக் கைவிட்டுப் போகவில்லை.

வண்டி வந்த அன்று தம்பி புதுப் படிவத்தோடு வந்தான். இந்த முறை தொழில் என்ற கட்டத்தில் இவர் யோசிக்காமல் டிக் போட்டார். தொகையைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகவும் இல்லை. தம்பிக்கே ஆச்சரியம். நான் பக்கத்து மேசையில், மறுநாள் பல் கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டிய மீன்களைப் பையில் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். வலது கை இன்னும் முழுதாக மடங்கவில்லை, ரப்பர் பேண்டைப் பல்லால் இழுத்துக் கட்ட வேண்டியிருந்தது.

"ஓட்டுறவரைத் தவிர, தொழிலுக்காக வண்டில போறவங்க எத்தனை பேரு அத்தான்?" என்று படித்தான் தம்பி. "இதுல எழுதினாத்தான் அவங்களுக்கு அடிபட்டா வைத்தியச் செலவு வரும்."

"யாரும் இல்ல. நான் ஒருத்தன்தான்."

தம்பி பேனாவை நிறுத்தினான். "அக்கா?"

"அவ சும்மா, துணைக்கு வருவா."

ரப்பர் பேண்ட் என் பல்லில் இருந்து தெறித்தது. வேலை இல்லாதவங்களுக்குப் பொழுது போகும் என்று சர்வேயர் சொன்னபோது இவர் காது ஏன் அப்படிச் சிவந்தது என்று எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது. உள்ளே சுருக்கென்று தைத்தது. கத்தியிருப்பேன். ஆனால் கத்தினால் அவர் பதிலுக்குக் கத்திவிட்டுத் தப்பித்துவிடுவார்.

"நாளைக்குக் கிளினிக்குக்கு நீங்க மட்டும் போங்க" என்றேன். "நான் வரல."

"அதெப்படி? பையை யாரு பிடிக்கிறது?"

"தெரியல."

"வெளையாடாத. நான் ஓட்டுவேனா, பையப் பிடிப்பேனா? அங்க போயி மிதக்க விடணும், சூடு பாக்கணும், எனக்கு அதெல்லாம் நிதானமா வராதுன்னு உனக்கே தெரியும். அந்தப் பிள்ளைங்க வேற ஆன்ட்டி எங்கன்னு பிடுங்கி எடுக்கும். ஓட்டல்காரன் பதினொரு மணிக்குப் போன் பண்ணுவான், நான் எடுத்தா சண்டைல முடியும். அப்புறம் வங்கில அந்த மேனேஜர் உன்கிட்டதான்..."

அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. விரலை மடக்கி எண்ணிக்கொண்டிருந்தவர், நாலாவது விரலில் நின்றார். தம்பி பேனாவை எடுக்கவும் இல்லை, வைக்கவும் இல்லை. இவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அடிபட்ட அன்றைக்குப் பார்க்காததையும் சேர்த்துப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"ஒண்ணுன்னு போடு மச்சான்."

"இன்னும் கொஞ்சம் கூட ஆகும் அத்தான்."

"ஆகட்டும். போடு."

தம்பி எழுதினான். அடுத்த வரியைப் படித்துவிட்டுத் தொண்டையைச் செருமினான். "அந்த ஆளுக்கு மாசச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டிருக்கான்."

இருவரும் ஒன்றாக என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எந்த அவசரமும் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவர்கள் எதிரே உட்கார்ந்தேன்.